இனிப்பு ஸ்டவுட்டுக்கு எந்தச் சுருட்டு எடுப்பது?

ஆனைமலைத்தோப்பு:
ஏனுங்க, ஒரு யோசனை வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஆடி நோம்பிக்கு ஊருக்கு வருகிறார். லெஃப்ட் ஹேண்ட் என்கிற கம்பெனியின் மில்க் ஸ்டவுட்டும் வெனிலா சேர்த்த இன்னொரு ஸ்டவுட்டும் வாங்கி வருகிறாராம். ஸ்டவுட் என்றால் கறுப்பு பீருங்க. நம் பக்கத்து டாஸ்மாக்கில் இதெல்லாம் நான் பார்த்ததே இல்லை, அதனால் நல்லபடியாக ருசித்துக் குடிக்க ஆசை. சாயங்காலம் தோப்பில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, கூடவே ஆளுக்கு ஒரு சுருட்டு என்று திட்டம். ஸ்டவுட் என்றாலே மடுரோ, அதாவது கறுப்பு மேல் இலை சுற்றிய சுருட்டுதான் என்கிறார்கள். வெனிலாவுக்கும் அதுவே சரி வருமா? திண்டுக்கல் சுருட்டோடு யாராவது குடித்துப் பார்த்தீர்களா?

உடுமலைக்காத்து:
வணக்கமுங்க. இரண்டு பாட்டிலுக்கும் ஒரே சுருட்டு வேண்டாம்.

மில்க் ஸ்டவுட்டில் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை சேர்க்கிறார்கள். பீர் ஈஸ்டால் அதை நொதிக்க வைக்க முடியாது. அதனால் இனிப்பு அப்படியே தங்கிவிடும். ஆனாலும் வறுத்த பார்லியின் கசப்பு பின்னாலேயே வரும். லெஃப்ட் ஹேண்டில் ஆல்கஹால் 6 சதவீதம்தான், போதை முந்திக்கொண்டு ருசியை மறைக்காது. இதற்கு மடுரோ அருமையான ஜோடி. அந்த மேல் இலையைக் கூடுதல் நாள் சூட்டில் புளிக்க வைத்துக் கறுப்பாக்குவதால் கோகோ, காப்பி வாசனை ஏறியிருக்கும். வறுத்த பார்லியோடு அது தானாகச் சேர்ந்துகொள்ளும். நடுத்தரக் காரம் போதும்.

வெனிலா பாட்டில் வேறு கதை. அங்கே மடுரோ வைத்தால் இனிப்பு மேல் இனிப்பு, பாதிச் சுருட்டுக்குள் திகட்டிவிடும். நிகராகுவாவின் எஸ்தெலி பக்கத்து இலையில், ஹபானோ என்கிற காரமான மேல் இலை சுற்றியதாகப் பாருங்கள். மிளகுக் காரம் நன்றாக இருக்கும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயில் நிறுத்தி, கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக விடுங்கள். அந்தக் காரம் ஏறின கையோடு ஒரு வாய் ஸ்டவுட் குடித்தால் வெனிலா முதல் வாய் மாதிரியே தெரியும். எனக்கு இந்த ஜோடிதான் ரொம்பப் பிடித்தது. கனெக்டிகட் மாதிரி மென்மையான இலை வேண்டாம், இரண்டு ஸ்டவுட்டுக்கு முன்னாலும் அது நிற்காது.

ஸ்டவுட்டை ஐஸ் மாதிரிக் குடிக்காதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வையுங்கள். 10 முதல் 13 டிகிரியில்தான் வாசனை திறக்கும்.

இதையெல்லாம் விட முக்கியம் காற்றுங்க. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் திறந்த தோப்பில் சுருட்டுப் பிடித்தால் ஒரு பக்கமாகவே எரியும், சூடேறிக் கசந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அப்புறம் ருசி இருக்காது. தென்னை மட்டை தலையில் விழுகிற பயம் வேறு. சாளையின், அதாவது தோட்டத்து வீட்டின், சுவர் மறைவில் உட்காருங்கள். தொட்டுக்கொள்ள பள்ளிபாளையம் சிக்கன் வேண்டாம், வரமிளகாயில் நாக்கு எரிந்தபின் மேல் இலை எதுவானால் என்ன? வறுத்த கடலையும் தேங்காய்ச் சில்லும் போதும்.

வேடசந்தூரான்:
எங்கள் ஊரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுருட்டுப் புகையிலை இங்கே பழைய வெள்ளாமை. அதனால் திண்டுக்கல் சுருட்டுக்காக நான் பேசித்தான் ஆக வேண்டும். புகை முரடுதான். மில்க் ஸ்டவுட்டின் இனிப்பு அந்த முரட்டை நன்றாகத் தணிக்கும். வெனிலாவோடு மட்டும் ஒட்டவே ஒட்டாது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பிடியுங்கள், வெறும் வயிற்றில் தலை சுற்றும். மெதுவாக இழுங்கள், பாதியோடு நிறுத்துங்கள்.

சூலூர்பங்காளி:
மச்சானிடம் சுங்கக் கணக்கைச் சொன்னீர்களா? வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்குத் தீர்வை இல்லாமல் மது 2 லிட்டர், சுருட்டு 25 வரைதான். 355 மில்லி பாட்டிலாக இருந்தால் 5 தான் அடங்கும். இன்னொன்று, ஆடி ஈரத்தில் சுருட்டு ஊதிப்போகும், சரியாக எரியாது. காற்றுப் புகாத டப்பாவில் ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் பாக்கெட் ஒன்றைப் போட்டு அதில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். பற்றவைக்க கேஸ் லைட்டர், இல்லாவிட்டால் தீக்குச்சி. பெட்ரோல் லைட்டரின் வாடை புகையில் ஏறிவிடும்.

ஆனைமலைத்தோப்பு:
எல்லோருக்கும் நன்றிங்க. மில்க் ஸ்டவுட் 3, வெனிலா 2 என்று மச்சானுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். மடுரோவும் ஹபானோவும் அவரே வாங்கி வரட்டும். உடுமலை அண்ணா சொன்னபடி கட்டில் சாளைக்குக் கிழக்கே, சுவர் ஓரமாகத்தான். திண்டுக்கல் சுருட்டு ஒரு கட்டு நான் வாங்கி வைக்கிறேன். வேடசந்தூர் அண்ணா, எந்தக் கடையில் புதுச் சரக்கு கிடைக்கும்?