ஸ்டென்ட் வைத்த பிறகு கால் அடைப்பு: கெண்டைக்காலை ஏன் தைக்காமல் விட்டிருக்கிறார்கள்?

மலர்:
அப்பாவுக்குத் தொடை இடுக்கு வழியாக ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். வார்டுக்கு வந்த சற்று நேரத்தில், "காலு மரத்துப் போகுதும்மா, பச்சைத் தண்ணியில வெச்ச மாதிரி இருக்கு" என்றார். பாதம் வெளுத்திருந்தது. டாக்டர் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் கருவி) வைத்துப் பார்த்தார், சத்தமே வரவில்லை. உடனே ஹெப்பாரின் (ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்து) போட்டு, இரவே தியேட்டரில் ரத்தக்கட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது பாதம் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஆனால் கெண்டைக்காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறித் தைக்காமல் விட்டிருக்கிறார்கள். என்னால் பார்க்கவே முடியவில்லை. ரத்தம்தான் ஓடுகிறதே, இது எதற்கு? மருந்து கொடுத்தே கட்டியைக் கரைத்திருக்கலாமே?

வார்டு நர்ஸ் (ரத்தநாள அறுவைப் பிரிவு):
மலர், பாதம் வெதுவெதுப்பாக இருக்கிறது என்ற வரியைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

ரத்தம் இல்லாமல் பல மணி நேரம் கிடந்த தசைக்குள் ரத்தம் திரும்பினால் தசை வீங்கும். கெண்டைக்காலில் தசைகள் நான்கு அறைகளாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள உறை விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, இப்போது திறந்த ரத்த ஓட்டத்தையே நெரித்துவிடும். இரண்டு பக்கமும் கீறினால் நான்கு அறையும் திறக்கும். வீக்கம் வடிந்ததும் தைப்பார்கள், சிலருக்குத் தோல் ஒட்டு தேவைப்படும். அந்தக் கீறல் காலைக் காப்பாற்றப் போட்டது, பயப்படாதீர்கள்.

கரைக்கும் மருந்து வேலை செய்யப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். மரத்துப்போன காலுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. 6 மணி நேரம் தாண்டினாலே தசையும் நரம்பும் மீள்வது கடினமாகிக்கொண்டே போகும். அந்த மருந்தால் இடுக்கில் புதிதாகக் குத்திய இடத்திலும் ரத்தம் கசியும். கட்டியை வெளியே எடுக்கும் ஃபோகார்ட்டி பலூன் 1960-களிலிருந்து புழக்கத்தில் உள்ளது. சுருங்கிய பலூனைக் கட்டியைத் தாண்டிச் செலுத்தி, விரித்து, கட்டியோடு வெளியே இழுப்பார்கள்.

சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போனால் உடனே சொல்லுங்கள். சிதைந்த தசையிலிருந்து வருவது அது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதே தசையிலிருந்து ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். அதற்குத்தான் திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கிறார்கள்.

செல்வம்:
சிஸ்டர், கால் சில்லிட்டால் ஒத்தடம் கொடுக்கலாமா? என் அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆஞ்சியோ.

வார்டு நர்ஸ்:
கொடுக்கவே கூடாது தம்பி. மரத்த தோல் வெந்தாலும் தெரியாது, சூடு பட்ட தசை இன்னும் அதிக ஆக்சிஜன் கேட்கும். தலையணை வைத்துக் காலை உயர்த்தவும் வேண்டாம். ஆஞ்சியோவுக்கு முன்பே இரண்டு பாதத்திலும் நாடி பார்த்து, துடிக்கும் இடத்தைப் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு வலியோ மரப்போ வந்தால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் அப்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள்.