உயர்வெப்ப மீக்கடத்திகள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணமா?

உப்புவெளியான்:
திருகோணமலை உயர்தர மாணவர்களுக்கான பௌதிகவியல் கண்காட்சிக்குப் பதாகை தயாரிக்கிறேன். தடையின்றி மின் கடத்தும் மீக்கடத்திகள் பற்றியது. “சாலக அதிர்வு (பளிங்கிலுள்ள அணுக்களின் அதிர்வு) இலத்திரன்களைச் சோடி சேர்க்கிறது; எல்லா மீக்கடத்திகளும் இப்படித்தான்” என்று எழுதியாயிற்று. 1957இல் பார்டீன், கூப்பர், சிரீபர் தந்த விளக்கம் இது. இதற்குமேல் போனால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

நிலாவெளி:
அண்ணா, 4.2 கெல்வினில் மீக்கடத்தியாகும் இரசத்துக்கு அது சரி. செப்பு ஒட்சைட்டுகளுக்கு எப்படிப் பொருந்தும்? 1986இல் பெட்னோர்ஸும் முல்லரும் சுமார் 35 கெல்வினைத் தொட்டார்கள். அடுத்த வருடமே இத்திரியம் பேரியம் செப்பு ஒட்சைட்டு 92இல் வேலை செய்தது. 77இல் கொதிக்கும் திரவ நைதரசனே போதும். ஆனால் ஒட்சிசன் குறைந்தால் அதே பொருள் மின் கடத்தாத காவலி! செப்பு அணுவுக்கு ஒரு இலத்திரன், ஒன்றையொன்று தள்ளுவதால் எதுவும் அசையாது. கோணேசர் தேரன்று வீதியில் நெருக்குண்டு நிற்கிற சனம் மாதிரி; நாலு பேர் விலகினால்தான் மற்றவர் நகரலாம். ஒட்சிசன் சேர்த்தால் சில இலத்திரன்கள் விலகும், வழி பிறக்கும்.

உப்புவெளியான்:
தம்பி, 2015இல் ஐதரசன் சல்பைட்டு 203 கெல்வின் காட்டியது, செப்பைவிட அதிகம். ஐதரசனுக்குப் பதில் அதன் பாரமான வடிவமான தூத்தேரியம் போட்டார்கள், மீக்கடத்தும் வெப்பநிலை இறங்கியது. அணு பாரமானால் அதிர்வு மெதுவாகும். வேறென்ன சாட்சி வேண்டும்? 39 கெல்வின் மகனீசியம் போரைட்டும் அதிர்வுதான்.

நிலாவெளி:
அது ஐதரசனுக்கான சாட்சி. அதுவும் இரண்டு வைரங்களுக்கிடையே நசுக்கி, வளிமண்டல அமுக்கத்தைப்போல் சுமார் 15 இலட்சம் மடங்கில். செப்பின் சாட்சி வேறு. 1994இல் சூயி, கேர்ட்லி குழுவினர் வெவ்வேறு பக்கம் திரும்பிய மூன்று பளிங்குகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு வளையம் செய்தார்கள். அதற்குள் அரைச் சொட்டுக் காந்தப் பாயம், அதாவது வழக்கமான மிகச்சிறு அலகில் பாதி, தானாகவே பிடிபட்டது. சோடியின் அலை ஒரு திசையில் நேர்க்குறியாகவும் அதற்குச் செங்குத்தாக மறைக்குறியாகவும் இருந்தால் இது வரும். சாதாரண அதிர்வுச் சோடி எல்லாத் திசையிலும் ஒரே குறிதான்.

மூதூரான்:
இரும்பை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள். 2008இல் ஹொசோனோ குழு 26 கெல்வின், சில மாதங்களில் வேறு குழுக்கள் 55 வரை. இரும்பின் காந்தம் மீக்கடத்தலைக் கெடுக்கும் என்றல்லவா நம்பியிருந்தோம்? இங்கே தாய்ச்சேர்மம் (வேறு அணு கலக்காத மூலப்பொருள்) காவலியும் இல்லை, ஒரு மோசமான உலோகம். செப்பின் கதையையும் அப்படியே இதற்குப் போட முடியாது.

உப்புவெளியான்:
செப்பு ஒட்சைட்டில் இலத்திரன் சோடியை எது ஒட்டுகிறது என்று ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. தீராத வழக்கைப் பதாகையில் ஏன் போட வேண்டும்?

நிலாவெளி:
தீர்ந்துவிட்டதாக எழுதியிருப்பதுதான் எனக்குப் பிரச்சினை, அண்ணா. பிள்ளைகள் அதைப் பரீட்சைவரை கொண்டுபோவார்கள்.

உப்புவெளியான்:
சரி, செப்பும் ஒட்சிசனும் அடுக்கிய தளத்தின் படத்தை வரைந்து வெள்ளிக்கு முன் அனுப்பு. பதாகையில் ஐதரசன் மேலேதான் வரும், அதை மாற்றமாட்டேன்.