'சுயகட்டுப்பாடு' வேண்டாம்: 'தொழில்துறைத் தன்னொழுங்காற்றுகை' பற்றி

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

இணையத்தில் இளையோரைக் காக்க நிறுவனங்கள் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொள்ளும் முறைக்குச் 'சுயகட்டுப்பாடு' என்ற சொல்லே போதும் என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். அது பழகிய சொல்தான். ஆனால் இந்த இடத்தில் கேடு செய்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பள்ளிப் பெற்றோர் கூட்டத்துக்குத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்ட அறிவிப்புக்குச் 'சமூக ஊடகங்களில் சுயகட்டுப்பாடு' என்று தலைப்பிட்டிருந்தோம். முன்வரிசையில் இருந்த ஒரு தாய் அதை விரல் வைத்துப் படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற மகனிடம், "பாத்தியாடா, உன்னையத்தான் எழுதியிருக்குது" என்றார். தலைப்புக்குக் கீழே இருந்ததோ முழுக்க நிறுவனங்களின் கடமைகள். மலையாளப் பகுதியும் கைகொடுக்கவில்லை. அங்கே 'நியந்த்ரணம்' என்ற ஒரே சொல் அடக்குவதையும் முறைப்படுத்துவதையும் சேர்த்தே குறிக்கிறது. நிறுவனத்தின் பொறுப்பு 13 வயதுப் பையனின் தலையில் இறங்கிவிட்டது.

'ஒழுங்காற்று' என்ற சொல்லைக் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவின் வழியாக நாளிதழ் படிக்கும் எவரும் அறிவர். எங்கள் பக்கம் சித்தூர்ப்புழையில் உள்ள மூலத்தரா ரெகுலேட்டர் என்ற நீரொழுங்காற்று அணை ஆழியாற்று நீரை அடக்கி வைப்பதற்காக அல்ல, இடக்கரை, வலக்கரை வாய்க்கால்களுக்கு முறையாகப் பிரித்து விடுவதற்காக இருக்கிறது. அந்த நீருக்கும் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள மணக்கடவில் கணக்கு உண்டு: 1970ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. அளவும் கணக்கும் வெளிப்படையாக இருப்பதால்தான் குறைந்தால் கேட்க முடிகிறது.

நிறுவனங்கள் தாமே விதிப்பதிலும் அளவும் கணக்கும் வெளிப்படையாக உண்டா என்ற கேள்விதான் எழுகிறது. சமூக வலைத்தள நிறுவனங்கள் 2009இல் ஐரோப்பிய ஆணையத்தின் முன்னிலையில் பாதுகாப்புக் கோட்பாடுகளில் தாமாகவே கையெழுத்திட்டன. மறு ஆண்டு ஆணையம் வெளியிட்ட மதிப்பீட்டில், 18 வயதுக்குட்பட்டோரின் பக்கங்களை நண்பர்கள் மட்டுமே காணும்படி இயல்பாகவே அமைத்திருந்தவை 40 விழுக்காடுதான். நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், ஓடிடி தளங்களுக்கு வெளியீட்டாளர், அவர்களின் கூட்டமைப்பு, ஒன்றிய அரசு என்று மூன்று அடுக்குகளை வைத்துள்ளன. முதல் இரண்டும் நாம் பேசும் வகையைச் சேர்ந்தவை.

ஆகவே 'தொழில்துறைத் தன்னொழுங்காற்றுகை' என்று முன்மொழிகிறேன். '-ஆற்றல்' என்று முடித்தால் சக்தி என்று படிக்க நேரும் என்பதால் '-ஆற்றுகை' என்றேன். சொல் நீளம்தான், ஆனாலும் முன்னால் நிற்கும் 'தொழில்துறை'யை விட்டுவிடக் கூடாது, ஏனெனில் பள்ளிகளில் 'ஒழுங்கு' என்றாலே மாணவர் பக்கம்தான் விரல் நீள்கிறது. அரசும் சேர்ந்து மேற்பார்வையிடும் முறைக்குக் 'கூட்டொழுங்காற்றுகை' பொருந்தும்.

அடுத்த கூட்டத்து அறிவிப்பில் இச்சொல்லையே அச்சிடவிருக்கிறோம். மலையாளப் பகுதியை எழுதும் ஆசிரியரும் 'நியந்த்ரண'த்துக்கு முன்னால் 'கம்பனிகளுடெ' என்று சேர்க்க இசைந்துவிட்டார். மறுப்பு இருப்பின் அச்சுக்குப் போகுமுன் எழுதக் கோருகிறேன்.