வேப்பமரத்தின் பெரிய கிளை: எடுக்கலாமா, எடுத்தால் நிலைக்கு ஆகுமா?

துறையூர்க்காரன்:

வணக்கம் அண்ணன்மார்களே. வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், தாத்தா வைத்தது. அதில் ஒரு பெரிய கிளை ஓட்டுக்கூரைக்கு மேலே நீண்டு கிடக்கிறது. டேப் வைத்துப் பார்த்ததில் சுற்றளவு 36 அங்குலம், நேரான பகுதி 8 அடி வரும். மார்கழியிலிருந்து மரம் பூராவும் நுனி கருகி, இலை பழுப்பாகக் காய்ந்து தொங்குகிறது. மரமே செத்துவிட்டது, அடியோடு எடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. ஒரு வியாபாரி வேறு வந்து விறகு விலைக்குக் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு மனசு வரவில்லை. கிளையை மட்டும் எடுத்தால் போதாதா? அந்தக் கட்டையில் புது அறைக்கு ஒரு கதவு நிலை செய்ய முடியுமா? பக்கத்திலேயே வீட்டுக்கு வரும் மின்கம்பியும் போகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மரமேறி திருச்சி:

தம்பி, முதலில் அப்பாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பனிக்காலத்தில் வேம்பு இப்படிக் கருகுவது சில வருஷமாகத் தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் பரவலாக நடக்கிறது. தேயிலைக் கொசு என்கிற பூச்சி இளந்தளிரில் சாறு உறிஞ்சுகிறது, கூடவே ஒரு பூஞ்சையும் நுனியைக் கருக்குகிறது. பார்க்க மரம் முழுக்கச் செத்த மாதிரிதான் இருக்கும், ஆனால் வெயில் ஏறியதும் பெரும்பாலான மரங்கள் திரும்பத் தளிர்த்துவிடும். விரல் கனமுள்ள ஒரு கிளையில் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. அடிமரத்தில் பொந்து, காளான், வேரடியில் ஒரு பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருப்பது, இதெல்லாம் இருந்தால்தான் வேறு பேச்சு.

கிளையை மேலிருந்து ஒரே வெட்டில் எடுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். பாதி அறுபடும்போதே தன் கனத்தில் கிழிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு இறங்கும், அந்தக் காயத்தில் தண்ணீர் தங்கி உள்ளே அழுகும். கீழே ஓடு இருப்பதால் நுனியிலிருந்து துண்டு துண்டாக வர வேண்டும். ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டி, மேலே பலமான கவையில் கயிற்றைப் போட்டு, கீழே ஆள் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். கடைசித் துண்டுக்கு அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி முதலில் கீழ்ப்பக்கம் கால்வாசி அறுத்துவிட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிழியாமல் வரும். மிச்சம் நிற்கும் முண்டைத் தனியாக எடுக்க வேண்டும். கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் வீங்கின மடிப்பு ஒன்று தெரியும் பாருங்கள், அதைத் தொடாமல் அதற்கு வெளியே ஒட்டி அறுக்கச் சொல்லுங்கள். அந்த மடிப்பிலிருந்துதான் புதுப்பட்டை வளர்ந்து காயத்தை மூடும். அழகாக இருக்கட்டும் என்று அடிமரத்தோடு வழவழவென்று செதுக்கிவிடுகிறவர்கள் மரத்துக்குக் கேடுதான் செய்கிறார்கள். மரத்துக் காயத்தில் தார், பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம்.

மின்கம்பிக்கு மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, லைன்மேன் வந்து இணைப்பை நிறுத்தின பிறகுதான் ஆள் ஏற வேண்டும். பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும். இடுப்புக் கயிறு இல்லாமல் ஏற வருகிறவரை, கூலி எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பெரம்பலூர் ஆசாரி:

மரமேறி அண்ணன் சொன்னதற்கு மேல் மரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நிலை விஷயத்துக்கு வருகிறேன். 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம், 5 அங்குலத்துக்கு 3 அங்குலச் சட்டம் என்று வைத்தால் கீழ்ச்சட்டமும் சேர்த்து மொத்த நீளம் 21 அடி. கிட்டத்தட்ட 2.2 கன அடி கட்டை வேண்டும். உங்கள் கிளைக்கு மரவாடிக் கணக்குப் போடுங்கள்: சுற்றளவில் நாலில் ஒன்று 9, ஒன்பதை ஒன்பதால் பெருக்கி 144ஆல் வகுத்து 8 அடியால் பெருக்கினால் 4.5 கன அடி. தாராளமாகப் போதும் போலத்தான் தெரியும், ஆனால் போதாது. விட்டம் பதினொன்றரை அங்குலம்தான், அதில் வைரம் என்கிற கெட்டியான உள்கட்டையைச் சுற்றியிருக்கும் வெளுத்த வெளிக்கட்டையை, நாங்கள் வெள்ளை என்போம், கழிக்க வேண்டும், வண்டு முதலில் அதில்தான் விழும். நடுமையம் சேர்ந்து வருகிற சட்டம் காயும்போது வெடிக்கும், அதையும் ஒதுக்கினால் 5க்கு 3 எத்தனை மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, படுத்தபடி வளர்ந்த கிளை அது. தன் கனத்தைத் தாங்க மேல்பக்க நார் இழுத்துப் பிடித்தபடியே வளர்ந்திருக்கும், ரம்பம் போட்டு அந்தப் பிடியை விடுவித்ததும் சட்டம் வில் மாதிரி வளையும். நேராக நின்ற அடிமரத்து வேம்பு நல்ல நிலைக்கட்டை, சிவந்த வைரம், கரையான் லேசில் அண்டாது. அதற்காக உயிருள்ள மரத்தைச் சாய்க்கச் சொல்ல மாட்டேன். நிலையை மரவாடியில் காய்ந்த கட்டையாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டுக்கோட்டை மரவாடி:

யார் எந்த வேம்பை எடுத்தாலும் அறுப்புக்குக் கொண்டுவருமுன் ஆணி இருக்கிறதா என்று பாருங்கள் ஐயா. வீட்டு வேம்பில் கொடிக்கம்பி, விளம்பரத் தகடு, மாட்டுக்கயிறு கட்டின கொக்கி என்று ஏதாவது உள்ளே புதைந்திருக்கும், ரம்பத்தில் பட்டால் பிளேடு போய்விடும். பட்டைக்கு வெளியே தெரியாது, வெட்டுமுகத்தில் கருநீலக் கறை இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வெட்டின கட்டையை மண்ணில் போட்டு வைக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் சாய்ந்த மா, பலா, வேம்பெல்லாம் அறுக்க ஆள் கிடைக்காமல் மழையில் கிடந்து கறுத்துப்போனதை இன்னும் மறக்க முடியவில்லை, நல்ல நல்ல மரம் அத்தனையும். வெட்டின அன்றே இரண்டு வெட்டுமுகத்திலும் கெட்டியாகப் பெயிண்டோ மெழுகோ பூசுங்கள், ஊர்ப்பக்கம் சாணி அப்புவார்கள், அதுவும் ஓரளவு நிற்கும். முனை வேகமாகக் காய்வதால்தான் வெடிப்பு விழுகிறது. சீக்கிரம் அறுத்து, நிழலில், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரே கனமுள்ள ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம் வைத்து, ரீப்பர் எல்லாம் ஒன்றுக்கு நேர் கீழ் ஒன்று வருகிற மாதிரி அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள். அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்று பழைய கணக்கு, நம் வெயிலுக்கு ஒரு அங்குலப் பலகை அதற்கு முன்பே காய்ந்துவிடும். வண்டுக்கு, பச்சையாக இருக்கும்போதே 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் போரிக் அமிலம், 300 கிராம் வெண்காரம் கரைத்து முக்கி எடுத்து, சில வாரம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டு அப்புறம் அடுக்குங்கள். மழை படாத இடத்துச் சாமானுக்குத்தான் இது, நனைந்தால் மருந்து கரைந்து போய்விடும்.

துறையூர்க்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூன்று இடத்தில் சுரண்டிப் பார்த்தேன், மூன்றும் பச்சை. அப்பாவையே கூப்பிட்டுக் காட்டினேன், சரி, சித்திரை வரை பார்ப்போம் என்று இறங்கி வந்துவிட்டார். வியாபாரியிடமும் இல்லை என்று சொல்லியாயிற்று. வேரடியில் வெடிப்பு எதுவும் இல்லை. கிளைக்கு மட்டும் மின்வாரியத்தில் மனு கொடுத்துவிட்டு ஆள் பார்க்கிறேன். ஆசாரி அண்ணே, அந்த 8 அடிக் கட்டையை அப்போது விறகுக்குத்தான் போடணுமா?

பெரம்பலூர் ஆசாரி:

ஐயோ, விறகுக்குப் போடாதீர்கள். நீளமாகக் கேட்டால்தான் அது வளையும், ஒன்றரை இரண்டு அடியாகத் துண்டு போட்டுவிட்டால் அந்த வளைவு பெரிதாகத் தெரியாது. முக்காலி, மணைப்பலகை, அரிவாள்மனைக் கட்டை, மண்வெட்டிக்குக் காம்பு எல்லாம் வரும். நடுமையத்தைப் பிளந்து ஒதுக்கிவிட்டு இரண்டு அங்குலக் கனத்தில் அறுத்துக் காய வையுங்கள். இழைக்கும்போது வேம்பில் நார் மாறி மாறி ஓடும், ஒரு பக்கம் வழுவழுப்பாக வந்து அடுத்த விரற்கடையில் பெயர்த்துவிடும். இழைப்புளி உளியை நன்றாகத் தீட்டி, சீவல் மெலிசாக வருகிற மாதிரி வைத்து, கட்டையைத் திருப்பித் திருப்பிப் போட்டு இழைக்கச் சொல்லுங்கள். அடுத்த தை வாக்கில் காய்ந்திருக்கும், அப்போது போட்டோ போடுங்கள், எதற்கு ஆகும் என்று பார்த்துச் சொல்கிறேன்.