180-க்கு 60: இந்தப் பலகையில் வட்டப்பாதையா, ஷண்டிங்கா?

கட்டிலோரம்
வணக்கம். மாடல் ரயிலுக்கு ஒருவழியாக வீட்டில் இடம் ஒதுக்கிவிட்டார்கள். சுவரோரமாக 180 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். அதைத் தாண்டினால் கட்டில் இடிக்கும். கையில் இருப்பது எச்ஓ அளவு (1:87, அசலில் 87-ல் ஒரு பங்கு): 15 செ.மீ. நீளத்தில் ஒரு ஷண்டிங் (வேகன்களை இடம் மாற்றிக் கோக்கும்) டீசல் எஞ்சின், நாலு சக்கர வேகன் எட்டு, நீளமான பயணிகள் பெட்டி மூன்று. ஒரு வட்டப்பாதை, உள்ளே இரண்டு சைடிங் (வண்டி நிறுத்தும் கிளைத் தடம்), மேலே ஒரு பாலம், இதுதான் ஆசை. 9 மி.மீ. பிளைவுட்டை ஒரே துண்டாக அறுத்துப் பழைய மேசை மேல் போட்டுவிடலாமா? மகளுக்கு ஏழு வயது. அவளும் ஓட்ட வேண்டும்.

மூன்றாம் பாயிண்ட்
ரம்பத்தை எடுக்கும் முன் ஸ்கேலை எடுங்கள் நண்பரே. ஆரம்ப செட்களில் வரும் வளைவின் ஆரமே 36, 37 செ.மீ. இருக்கும். முழு வட்டத்துக்கு அதை இரட்டித்தால் 72லிருந்து 74. எஞ்சின் தரையில் விழாமல் இருக்க இருபக்கமும் ஐந்து செ.மீ. விட்டால் 82, 84. உங்களிடம் இருப்பது 60.

பாலம் இன்னும் மோசம். கீழே ஓடும் வண்டி இடிக்காமல் இருக்க, தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் ஏழரை செ.மீ. உயரம் வேண்டும். 3 சதவீத ஏற்றத்தில் அந்த உயரத்தை எட்டவே இரண்டரை மீட்டர் ஆகும். இறங்க இன்னொரு இரண்டரை. பாலத்தை மறந்துவிடுங்கள்.

உங்கள் இடத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒன்று உண்டு: ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நூக் என்ற ஷண்டிங் புதிர். இரண்டே பாயிண்ட் (தடம் பிரியும் இடம்), மூன்று சைடிங். நீளமான சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போக விடும் ஹெட்ஷண்டில் எஞ்சினும் மூன்று வேகனும். எட்டு வேகனுக்கும் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுத்து, எடுத்த வரிசையிலேயே வண்டியைக் கோக்க வேண்டும். 6720 விதமான வண்டிகள் வரும். உங்களிடம் எட்டு வேகன் இருப்பது யோகம்தான்.

சுற்றுவண்டி
ஆரம்பிச்சிட்டாருய்யா. யார் வந்து என்ன கேட்டாலும் இவர் கையில் இங்கிள்நூக் மாத்திரைதான். கேட்டவர் வட்டப்பாதை கேட்டார் சார். ஏழு வயசுக் குழந்தைக்கு ரயில்னா ஓடணும். குகைக்குள்ள போகணும், அந்தப் பக்கம் வரணும். முன்னாடி ரெண்டடி, பின்னாடி ரெண்டடி நகர்ந்தா அது ரயிலா, பீரோவா?

வட்டம் வேணும்னா ஸ்கேலைக் குறைங்க. என் கேஜுக்கு மாறுங்க. (போன தடவை இதை எழுதினப்ப ஒருத்தர் "உங்க கேஜ் எதுன்னு முதல்ல சொல்லுங்க"ன்னு கேட்டார். ஆங்கில எழுத்து 'என்', தண்டவாள இடைவெளி 9 மி.மீ.) 249 மி.மீ. ஆர வளைவு போட்டா குறுக்களவு 50 செ.மீ. 60-க்குள்ள அழகா உட்காரும்.

கட்டிலோரம்
இருக்கிற எஞ்சினையும் பெட்டியையும் என்ன செய்ய? எச்ஓ-வை விட மனசில்லை.

மூன்றாம் பாயிண்ட்
விடவும் வேண்டாம். அந்த நீளப் பெட்டியைப் பற்றி ஒன்று. 26.4 மீட்டர் ஐரோப்பியப் பெட்டி 1:87-ல் 30 செ.மீ. வரும். 37 செ.மீ. வளைவில் அது போகும்போது நடு வயிறு உள்ளே, மூலை வெளியே. நாயை உட்காரவைத்துத் திருப்பின மாதிரி இருக்கும். இடமே இருந்தாலும் நான் அந்த வளைவைச் சொல்லமாட்டேன். பெட்டி அலமாரியில் இருக்கட்டும், வேகனுக்கு வேலை கொடுங்கள்.

ரீப்பர்கட்டை
வட்டமா கோடா என்பதை நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கவலை "ஒரே துண்டாக" என்ற வார்த்தை.

என் முதல் பலகை 180-க்கு 80, அறைக்குள்ளேயே செய்தது. வீடு மாற்றும்போது கதவைத் தாண்டியது, மாடிப்படித் திருப்பத்தில் திரும்பவில்லை. நிமிர்த்தினோம், சாய்த்தோம், நாலு பேர் ஐந்து யோசனை சொன்னார்கள். கடைசியில் படியில் வைத்தே நடுவில் அறுத்தோம். ரம்பம் போன பாதை சரியாக ஒரு பாயிண்டின் நாக்கு மேல். அந்தப் பாதிப் பாயிண்டு இன்னும் என் ஸ்குரூ டப்பாவில் கிடக்கிறது.

ஆகவே இரண்டு பலகை. 9 மி.மீ. பிளைவுட் போதும், ஆனால் அடியில் சட்டம் கட்டாயம்: 7 செ.மீ. உயரச் சட்டம், 30, 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குக் கட்டை. சும்மா மேசை மேல் போட்டால் ஈரப்பதம் ஏறி இறங்க, ஓரம் அப்பளம் மாதிரி தூக்கும். வார்னிஷ் அடித்தால் அடிப்பக்கமும் அடியுங்கள். மேலே மட்டும் அடிப்பதுதான் பலகை வளைய நல்ல வழி.

வெண்பலகை
2 இன்ச் எக்ஸ்ட்ரூடட் ஃபோம் ஷீட்டை யாரும் சொல்லவில்லையே? (தெர்மகோல் இல்லை. மணிமணியாக உதிராத அந்த வகை.) ஒரு கையில் தூக்கலாம், ஓடை வேண்டும் என்றால் கத்தியால் குடையலாம். உங்கள் அளவுக்கு 9 மி.மீ. பிளைவுட் சட்டமில்லாமலே 6 கிலோ. 12 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திய பலகை) என்றால் பத்துக் கிலோவைத் தொடும்.

ரீப்பர்கட்டை
எம்டிஎஃப் நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஃபோமில் பாயிண்ட் மோட்டாரை எதில் திருகுவீர்கள்? ஸ்குரூ பிடிக்காது. ஓரம் தட்டினால் பொடியும். கரைப்பான் கலந்த பசை பட்டால் குழி விழும்.

வெண்பலகை
மரப்பசைதான் போடணும், அது தெரிந்ததே. இரண்டு பாயிண்டுக்கு மோட்டார் எதற்கு? கையால் தள்ளும் கம்பி போதும். ஓரத்துக்கு மெல்லிய பிளைவுட் பட்டை ஒட்டினால் பொடியாது. ஒரு குறை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், சத்தம். வண்டி ஓடினால் மத்தளம் மாதிரி அடிவாங்கும். கார்க் விரித்தும் முழுசாகப் போகவில்லை.

சுற்றுவண்டி
பலகையைப் பத்தியே பத்துப் பதிவு. ரயில் எங்கய்யா?

மூன்றாம் பாயிண்ட்
இதோ ரயில். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டிலோரம், உங்கள் வேகன் இணைப்போடு 12 செ.மீ. என்று வைக்கிறேன். ஹெட்ஷண்ட்: எஞ்சின் 15, மூன்று வேகன் 36, ஆக 51. அடுத்து இரண்டு பாயிண்ட் ஒன்றன்பின் ஒன்றாக, நடுத்தர வகை ஒவ்வொன்றும் 22. ஆக 95-ல் முடியும். மிச்சம் 85. நீளமான சைடிங்கில் ஐந்து வேகனுக்கு 60 வேண்டும். பாயிண்டை ஒட்டிப் பக்கத்து வண்டி உரசும் பத்துப் பதினைந்து செ.மீ.யைக் கழித்தாலும் உள்ளே வந்துவிடும். 30 செ.மீ. அகலமே தாராளம்.

ரீப்பர்கட்டை
கணக்கு சரி. ஆனால் பலகையை 90, 90 என்று பிரித்தால் இணைப்பு எங்கே விழுகிறது பாருங்கள். இரண்டாவது பாயிண்ட் 73லிருந்து 95 வரை. தொண்ணூறில் கோடு. என் ஸ்குரூ டப்பாவுக்கு ஜோடி கிடைத்துவிடும்.

மூன்றாம் பாயிண்ட்
அடடா. உண்மை. 100, 80 என்று பிரிக்கலாம். பாயிண்ட் இரண்டும் முதல் பலகையில், இணைப்பைத் தாண்டுவது மூன்று சைடிங் மட்டும்.

வெண்பலகை
சம அளவாக இல்லாவிட்டால் முகத்துக்கு முகம் கவிழ்த்து அடுக்க முடியாதே?

ரீப்பர்கட்டை
முடியாதுதான். பாயிண்டை வெட்டுவதைவிட அது தேவலை. இணைப்பில் இரண்டு உலோக டவல் (துளைக்குள் பொருந்தும் முளை), இரண்டு போல்ட். இடம் பிடிக்கிற வேலை டவலுக்கு, இழுத்துப் பிடிக்கிற வேலை போல்ட்டுக்கு. போல்ட்டை மட்டும் நம்பினால் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் தண்டவாளம் அரை மி.மீ. தள்ளி நிற்கும், வேகன் அங்கேயே குதிக்கும். தண்டவாள நுனியைப் பித்தளை ஸ்குரூ தலையில் சால்டர் வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் குறுக்கே வெட்ட வேண்டும். முதலில் வெட்டிப் பிறகு நேர்ப்படுத்துகிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள்.

சுற்றுவண்டி
எல்லாம் சரி. குழந்தை?

கட்டிலோரம்
அதற்குத்தான் நேற்று உட்கார்ந்தேன். பாயிண்ட் படத்தை முழு அளவில் அச்செடுத்து, பழைய செய்தித்தாளை 180-க்கு ஒட்டித் தரையில் விரித்தேன். எட்டு வேகனையும் நிறுத்தி, எஞ்சினைக் கையாலேயே தள்ளினோம். சீட்டு எடுக்கிற வேலை மகளுக்கு. முதல் வண்டி கோக்க இருபது நிமிஷம். இரண்டாவதில் "அப்பா, சிவப்பு வேகனைக் குட்டி லைன்ல விடு, பிறகு எடுத்துக்கலாம்" என்று எனக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது முடிந்ததும் கேட்டாள்: "இது எப்ப ஊருக்குப் போகும்?"

சுற்றுவண்டி
சொன்னேனா இல்லையா!

மூன்றாம் பாயிண்ட்
மூன்று வண்டி கோத்த பிறகுதானே கேட்டாள்?

இன்னொன்று, உயரம். நான் 120 செ.மீ.யில் வைப்பேன், கண்ணுக்கு நேரே ரயில் தெரியும். ஏழு வயதுக்கு அது மோவாய்க்கு மேலே. 75, 80-ல் வையுங்கள், பிறகு கால் உயர்த்திக்கொள்ளலாம்.

சுற்றுவண்டி
கட்டிலோரம், ஒரே ஒரு உபகாரம். பலகையை 30 ஆக்காதீங்க, 60 ஆகவே செய்ங்க. முன்பக்கச் சட்டத்துல இப்பவே நாலு போல்ட் ஓட்டை போட்டு வைங்க. 25 செ.மீ. அகலத்துல ஒரு ஒட்டுப் பலகை, லீவு நாள்ல கட்டிலைத் தள்ளிட்டு மாட்டினா மொத்தம் 85. 37 செ.மீ. ஆர வட்டம் வந்துடும்.

மூன்றாம் பாயிண்ட்
வளைவின் நடுவில் பலகை இணைப்பு. அதுவும் குறுக்காக, இரண்டு இடத்தில். ஷாபாஷ். பின்பக்கச் சுவரோரம் தடம் புரண்டால் 85 செ.மீ. தாண்டிக் கை நீட்டணும். 70-க்கு மேல் யாருக்கு எட்டும்?

சுற்றுவண்டி
இணைப்புல தண்டவாளத்தை ஒட்டினாத்தானே பிரச்சினை? செட்டில் வரும் துண்டுத் தண்டவாளத்தை மேலாப்புல போட்டுட்டு, விளையாடி முடிச்சதும் கழட்டிடுங்க. எட்டலைன்னா ஒட்டுப் பலகையைக் கழட்டிட்டு எடுங்க.

ரீப்பர்கட்டை
ஓட்டை போடுவதில் நஷ்டம் இல்லை. 8 மி.மீ. போடுங்கள், உள்பக்கம் டி-நட் (மரத்தில் அடித்துப் பதிக்கும் நட்) அடித்துவிடுங்கள். சட்டம் மூடிய பிறகு அங்கே கை நுழையாது.

கட்டிலோரம்
அறுத்தாயிற்று. 100, 80, அகலம் 60. முன்சட்டத்தில் நாலு ஓட்டையும் போட்டாயிற்று. டி-நட் மட்டும் மூன்றுதான் இருந்தது.