தமிழ்க் கிறிஸ்தவ வானொலியின் வரலாறு: தொடங்கிய ஆண்டு என்று எதைப் போடுவது?

வெள்ளிமணி:
சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலிக்குத் தமிழ் நிகழ்ச்சிகள் தயாரித்த ஒரு கிறிஸ்தவ ஒலிப்பதிவுக் கூடத்தின் வரலாற்றைத் தொகுக்கிறோம். இருப்பவை: 40 ஸ்பூல் டேப், 200 கேசட், இரண்டு சாக்கு நேயர் கடிதம், கொஞ்சம் கியூஎஸ்எல் அட்டைகள் (ஒலிபரப்பைக் கேட்டதாக எழுதிய நேயருக்கு நிலையம் அனுப்பும் உறுதி அட்டை). கல்வெட்டில் ஒரு ஆண்டு, ஆண்டுமலரில் இன்னொன்று, பழைய ஊழியர்கள் சொல்வது வேறொன்று. எதை எடுப்பது? ‘இந்தியாவில் இயங்கிய நிலையம்’ என்று எழுதலாமா? டேப்பை அப்படியே போட்டு ஓட்டலாமா?

சிற்றலை31:
மூன்று ஆண்டுமே சரியாக இருக்கலாம். தீர்மானம் போட்ட நாள், கட்டடம் அர்ச்சிக்கப்பட்ட நாள், சோதனை ஒலிபரப்பு, முதல் வழக்கமான நிகழ்ச்சி எல்லாம் தனித்தனி. கத்தோலிக்கத் திருச்சபையின் வேரித்தாஸ் வானொலியையே பாருங்கள். தென்கிழக்கு ஆசிய ஆயர்கள் மணிலாவில் கூடி முடிவெடுத்தது 1958-இல். திறப்பு விழா நடந்தது 1969 ஏப்ரல் 11-இல். நடுவே பத்தாண்டுக்கு மேல் போய்விட்டது. வத்திக்கான் வானொலிக்கு இந்தக் குழப்பமே இல்லை: மார்க்கோனி அமைத்துக் கொடுத்தார், 1931 பிப்ரவரி 12 அன்று போப் பதினோராம் பத்திநாதர் (பயஸ்) பேசினார். அவ்வளவு தெளிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதனால் ஒரே ஆண்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எது எப்போது தொடங்கியது என்று நாலு வரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தைப் பக்கத்திலேயே போடுங்கள்.

‘இந்தியாவில் இயங்கிய நிலையம்’ என்று எழுதவே கூடாது. தனியார் எஃப்எம் வரும்வரை இங்கே ஒலிபரப்பு அரசின் கையில் மட்டுமே இருந்தது. தனியார் எஃப்எம் வந்த பிறகும் மத அமைப்புகளுக்கு உரிமம் கிடையாது. சமுதாய வானொலி 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனால் அதன் ஒலிபரப்புத் திறன் 100 வாட், கம்பத்தின் உயரம் 30 மீட்டருக்குள். அதனால்தான் குரல் இங்கே பதிவாகி, டேப் கடல் கடந்து போய், அலையாகத் திரும்பி வந்தது. ஃபீபா என்ற கிறிஸ்தவ வானொலிக்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸின் மாஹே தீவில் பவளத் திட்டின் மேல் கம்பங்கள் நின்றன. 1970-இல் தொடங்கி 2003-இல் சிற்றலை நின்றது. வேரித்தாஸின் 250 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர்கள் பிலிப்பைன்ஸின் பலாவிக்கில் இருந்தன. 2018 ஜூன் 30-உடன் சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனார்கள். டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்ற இன்னொரு கிறிஸ்தவ வானொலி இலங்கையின் புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் வந்தது. உங்கள் கூடத்தின் டேப் எந்த டிரான்ஸ்மிட்டருக்குப் போனது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்று ஒரு அட்டவணை போடுங்கள். பாதி முரண்பாடு அதிலேயே தீரும்.

அலைவரிசைப்பித்தன்:
கியூஎஸ்எல் அட்டைதான் உங்களிடம் உள்ள கெட்டியான சாட்சி. ஆனால் தேதியை அப்படியே எடுத்து எழுதினால் ஒரு நாள் தவறும். அட்டையில் இருப்பது பெரும்பாலும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அட்டையில் ‘14-ஆம் தேதி 23.45’ என்றிருந்தால் நேயர் கேட்டது 15-ஆம் தேதி அதிகாலை 5.15-க்கு. அட்டையின் பின்பக்கத் தபால் முத்திரை அனுப்பிய தேதி. கேட்ட தேதி அல்ல.

இலங்கைக் கடிதங்களில் இன்னொரு கண்ணி உண்டு. 1996 மே மாதம் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், அக்டோபரில் அதில் அரை மணி குறைத்தார்கள், 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்கே திரும்பினார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே புழங்கியது. கொழும்பு நேயரும் கிளிநொச்சி நேயரும் ஒரே நிகழ்ச்சிக்கு வேறு வேறு நேரம் எழுதியிருந்தால் இருவரும் சரியாகவே எழுதியிருக்கிறார்கள்.

அலைவரிசையைச் சரிபார்க்க அந்தந்த ஆண்டின் வேர்ல்ட் ரேடியோ டிவி ஹேண்ட்புக் (உலக நிலையங்களின் அலைவரிசைகளைத் தொகுக்கும் ஆண்டு நூல்) போதும். ஆனால் அது முன்கூட்டியே அச்சாவது. நடுவில் மாறிய அலைவரிசை அதில் இருக்காது. அங்கே அட்டை சொல்வதை நம்புங்கள்.

ஸ்பூல்காரர்:
டேப்பை அப்படியே போட்டு ஓட்டிவிடாதீர்கள். முதலில் ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பக்கவாட்டில் ஒளி ஊடுருவினால் நாடாவின் அடிப்பொருள் அசிட்டேட், இருட்டாக இருந்தால் பாலியெஸ்டர். அசிட்டேட்டில் வினிகர் வாடை வந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்து, முதல் வேலையாகப் பதிவு செய்யுங்கள். எழுபது, எண்பதுகளின் பாலியெஸ்டர் டேப் ஓடும்போது கீச்சிட்டு, ஹெட்டில் பழுப்புப் பசை ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். பூச்சின் பசை ஈரத்தை இழுத்திருக்கிறது. வெப்பம் துல்லியமாக நிற்கும் இன்குபேட்டரில் 54 டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு ஓட்டுவார்கள். அசிட்டேட்டுக்கு இந்த வைத்தியம் கூடவே கூடாது, சமையல் அடுப்பும் வேண்டாம். வெள்ளைப் பூசணம் தெரிந்தால் முகக்கவசம் இல்லாமல் பெட்டியைத் திறக்காதீர்கள்.

ஏழு அங்குல ஸ்பூலில் 1200 அடி. நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் 32 நிமிடம் ஓடும். அரைமணி நிகழ்ச்சிக்கு ஒரு ஸ்பூல் என்ற கணக்கு அதனால்தான். கேசட்டில் உள்ளே இருக்கும் பஞ்சுத் திண்டு உதிர்ந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். திண்டை மாற்றினால் சரியாகும். சி-120 கேசட் நாடா மிக மெலிசு, அதை வேகமாகச் சுற்றவே வேண்டாம். ஒவ்வொரு கேசட்டுக்கும் அசிமத் திருகை (நாடாவுக்கு எதிரே ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் திருகு), மோனோவில் கேட்டபடி, ‘ச’ ஒலி கூர்மையாகும்வரை திருப்புங்கள். இதைச் செய்யாமல் பதிந்தால், கணினியில் எவ்வளவு மெருகேற்றினாலும் போன உச்ச ஒலி முழுசாகத் திரும்பாது.

கணினியில் பதிவதற்கு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. மோனோவுக்கு மணிக்கு ஒரு ஜிபி பிடிக்கும். பெட்டியின் மேல் எழுதிய தேதியை நம்பி ஆண்டைப் போடாதீர்கள்: அது பதிவான நாளாகவோ ஒலிபரப்பான நாளாகவோ இருக்கலாம், டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்தியதும் உண்டு. நிகழ்ச்சிக்குள்ளேயே அறிவிப்பாளர் சொல்லும் முகவரியையும் அலைவரிசையையும் தனியாகக் குறித்து வையுங்கள். பின்கோடு இல்லாத முகவரி என்றால், 1972 ஆகஸ்ட் 15-க்கு முந்தையதா என்று பார்க்க வேண்டும். பழக்கத்தில் விட்டும் படித்திருப்பார்கள் என்பதால் இது ஒன்றே போதாது.

வெள்ளிமணி:
நாலு வரி முறையை எடுத்துக்கொள்கிறோம். நேயர் கடிதங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போடலாமா?

சிற்றலை31:
ஸ்கேன் செய்யுங்கள், போட வேண்டாம். அவற்றில் பாதி ஜெபக் குறிப்புகளாக இருக்கும்: கணவன் குடி, மகளுக்குக் குழந்தையில்லை, கடன். வானொலியை நம்பி ஒருவருக்கு மட்டும் எழுதியவை அவை. ஊர், மாதம், கேட்ட அலைவரிசை, ஒலித்தெளிவு இவற்றை மட்டும் அட்டவணையில் ஏற்றுங்கள். உறையைக் கடிதத்தோடு சேர்த்தே வையுங்கள், தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது. துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்காமல், இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி நகர்த்தி எடுங்கள்.