மருத்துவர் சொல்லும் 'நூற்றுக்கு 90' எதற்கான நிகழ்தகவு?

சட்ட மாணவி, ஹட்டன்:
வணக்கம். வகுப்பில் பயிற்சிக்காகத் தரப்பட்ட நட்டஈட்டு வழக்கொன்றில், வெலிமடையில் உருளைக்கிழங்குத் தோட்டத்திற்கு மருந்து தெளித்த தொழிலாளியின் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியம் குறைந்திருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிகொல்லி வகையால் நஞ்சேறியவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு இவ்வாறு குறையும் என்பது மருத்துவரின் சாட்சியம். ஆகவே அவருக்கு நஞ்சேறியிருக்க நூற்றுக்கு 90 வாய்ப்பு உண்டென வாதிடலாமா?

கணித ஆசிரியர், பண்டாரவளை:
முடியாது. மருத்துவர் சொன்னது நஞ்சேறியிருந்தால் அளவு குறைவதற்கான நிகழ்தகவு. மன்று கேட்பதோ, அளவு குறைந்திருக்கையில் நஞ்சேறியிருப்பதற்கான நிகழ்தகவு. ஈரல் நோயாலும் போசாக்கின்மையாலும் இந்நொதியம் குறையும் என்பதால், நஞ்சேறாத 100 பேரில் 10 பேருக்கும் அது குறைந்திருக்கும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மருந்து தெளிக்கும் 1000 பேரில் 50 பேருக்கு நஞ்சேறியிருப்பின், அவர்களில் 45 பேருக்கும் எஞ்சிய 950 பேரில் 95 பேருக்கும் அளவு குறைந்திருக்கும். அந்த 140 பேரில் நஞ்சேறியவர்கள் 45 பேர்தான், அதாவது நூற்றுக்கு 32. ஆனால் அன்று அவர் முகமூடியின்றித் தெளித்தார், மாலையில் வாந்தியும் வியர்வையுமாகக் கிடந்தார் என்று உடன் வேலை செய்தவர் சொல்லி, மன்றும் அதை நம்பினால், பரிசோதனைக்கு முன்னரே பாதிக்குப் பாதி எனத் தொடங்கலாம். அப்போது விடை 90 ஆகும். மருத்துவரின் எண்ணோடு அது ஒத்துப்போவது நான் எடுத்துக்கொண்ட 10 என்ற எண்ணால் நேர்ந்த தற்செயலே.

சட்டத்தரணி, நுவரெலியா:
நட்டஈட்டு வழக்கில் நிகழ்தகவுச் சமநிலையே, அதாவது பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பே, அளவுகோல் என்பதால் 32 தோற்கும், 90 வெல்லும். வழக்கின் உயிர் அந்த உடன் தொழிலாளியின் சாட்சியத்தில்தான் இருக்கிறது. சாட்சியக் கட்டளைச்சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணரின் அபிப்பிராயத்தை ஏற்புடையதாக்குகிறதேயன்றித் தீர்ப்பை அவரிடம் ஒப்படைக்கவில்லை. ஆசிரியரின் கணக்குக்கு அடிப்படையான பேயசின் தேற்றத்தை யூரிகளிடம் சூத்திரமாக வைப்பதை இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றமே 1996இல் ஆதரிக்கவில்லை. ஆசிரியர் செய்ததுபோல் ஆட்களை எண்ணிக் காட்டுங்கள்.

மருத்துவர், கண்டி:
ஓர் எச்சரிக்கை. ஈரல் நோயாளிக்கும் வாந்தி வரும். ஆகவே வாந்தியையும் இரத்த அளவையும் ஒன்றையொன்று சாராத இரு சான்றுகளாக எண்ணிப் பெருக்கக் கூடாது. இங்கிலாந்தில் தன் இரு குழந்தைகளைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சாலி கிளார்க்கின் வழக்கில், 1999இல், ஒரு குழந்தை திடீரென இறப்பதற்கு 8543இல் ஒன்று என்ற எண்ணைத் தன்னாலேயே பெருக்கி, இரு குழந்தைகளுக்கு 7.3 கோடியில் ஒன்று என்றார் மருத்துவ நிபுணர்; ஒரே குடும்பத்தின் இரு மரணங்கள் அப்படித் தனித்தனியானவை அல்ல. குற்றத்தீர்ப்பு 2003இல் நீக்கப்பட்டது. உங்கள் வழக்கில் சில வாரங்களுக்குப் பின் எடுத்த இரண்டாவது பரிசோதனை உண்டா என்று பாருங்கள். நஞ்சு காரணமாயின் அளவு மீண்டும் ஏறியிருக்கும். நாட்பட்ட ஈரல் நோயாயின் பெரும்பாலும் தாழ்ந்தே நிற்கும்.